ஆறு வயதில் பிள்ளை பெற்றவர்

ஆதார் அட்டையின்படி ஆயா பிறந்த ஆண்டு 1970. மூத்த மகன் மாநகராட்சிப் பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1976. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அலுவலக ஊழியர், "அப்போ ஆறு வயசுல உனக்குப் பிள்ளை பொறந்துச்சா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆயாவும் சிரித்தார். முதியோர் உதவித்தொகை கேட்ட மனு திரும்பி வந்தது.

சென்னையில் கூவக்கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். ஆயா என்னிடம் வந்தது 2024 மார்ச்சில். இதை எழுதுவது அவர் சம்மதத்தோடுதான். அவர் பெயரும் வேண்டாம், அலுவலகங்களின் பெயரும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். "ஆயான்னே போடு கண்ணு, எல்லாரும் அப்படித்தான கூப்புடுறாங்க" என்றார்.

அவர் கேட்டது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் இது 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். ஏறத்தாழ 20 வருடமாக அந்த 200 அசையவில்லை. மீதியை மாநிலம் போடுகிறது. ஜனங்கள் இதை ஓ.ஏ.பி. என்பார்கள், முதியோர் பென்ஷன் என்பார்கள். பென்ஷன் என்று சொல்லும்போது உழைத்ததற்கு வரும் பணம் போல ஒரு மிடுக்கு இருக்கிறது. ஆனால் விதிகளில் உள்ள சொல் 'ஆதரவற்ற'. அந்த ஒரு சொல்லுக்குள் ஆயா ஒன்றே முக்கால் வருடம் மாட்டிக்கொண்டார்.

இந்தத் தொகை இன்ன சாதிக்குத்தான் என்று எங்கும் இல்லை. ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்றும் இல்லை. 60 வயது ஆகிவிட்டது, வருமானம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்று காகிதத்தில் காட்டினால் போதும். பள்ளிக்கூடம் போயிருந்தால் வயதுக்குக் காகிதம் இருக்கும். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் உழைப்புக்கு இருக்கும். பட்டா இருந்தால் முகவரிக்கு. கல்யாணத்தைப் பதிந்திருந்தால் கணவனுக்கு. கூவக்கரையில் ஓர் ஆதிதிராவிடர் குடும்பத்தில் 1957 வாக்கில் பிறந்த பெண்ணிடம் இவற்றில் எது இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாதியும் பால் வேற்றுமையும் மனுவின் எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்காது. மனுவோடு இணைக்க முடியாமல் போன காகிதங்களில்தான் அவை இருக்கும். ஆயாவின் வழக்கில் நான் பார்த்தது இதைத்தான்.

முகவரி

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் இது ஒன்றுதான் சுலபமாக முடிந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பழைய ரேஷன் புத்தகமும் 90-களில் எடுத்த வாக்காளர் அட்டையும் போயின. 2017-இல் குடிசையே போயிற்று. பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள், ஆணை மருமகள் பெயரில். நம் பேச்சில் பெரும்பாக்கமும் சென்னைதான். வருவாய்த் துறைக்கு அப்படி இல்லை. ஆயா போனபோது அது காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். 2021-இல் மருமகளோடு ஒத்துவராமல் கண்ணகி நகரில் வாடகைக்கு இருக்கும் மகளிடம் வந்துவிட்டார். அது மறுபடி சென்னை மாவட்டம். ஆதாரிலோ இன்னும் இல்லாத குடிசையின் முகவரி. ரேஷன் கார்டில் பெயர் பெரும்பாக்கத்தில், மகன் குடும்பத்தோடு. ஆதார் முகவரியை மாற்ற இரண்டு மாதம் அலைந்தோம். சரி, முடிந்தது. ரேஷன் கார்டு முடியவில்லை, அதன் விளைவை அப்புறம் சொல்கிறேன்.

உழைத்த கணக்கு

ஆயா ஒன்பது வருடம் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. 2000-இல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாரிடம் போனது. அந்தச் சமயத்தில் சேர்ந்தவர். ஒப்பந்தக்காரர் மாறும்போது மேல்சட்டையின் நிறம் மாறும், தெருவும் துடைப்பமும் அதேதான். "பி.எஃப். புடிச்சாங்க கண்ணு" என்கிறார். எந்த நம்பரில் பிடித்தார்கள் என்று தெரியாது. ஒரு நிறுவனத்தின் பெயரில் கொஞ்ச காலக் கணக்கு ஒன்று அகப்பட்டது. மற்றவற்றுக்குத் தடயமே இல்லை. வருங்கால வைப்பு நிதியின் (பி.எஃப்.) ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும், ஆயாவின் கணக்கு முழுதாக அகப்பட்டாலும் ஒன்பதுதான். அந்த ஓய்வூதியம் கிடைத்திருந்தால், 2014-இல் வந்த விதிப்படி குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் வந்திருக்கும். அந்த வேலையில் இருந்தவர்கள் எந்தச் சாதி என்று சென்னையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை. அதைத் துண்டு துண்டாக்கி ஒப்பந்தம் விட்டால், முதுமையில் சேர்த்துப் பார்க்க ஒரு முழு வருடம்கூடத் தேறாது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக்கூடாது என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அதற்கு முன் ஒரு சாயங்காலம் ஆயா அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். பேச்சு எதுவும் கேட்கவில்லையாம், ஒலிபெருக்கி சத்தம் காதைக் குடைந்ததாம். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் மட்டும், "பி.எஃப். நம்பர எங்கனா எழுதி வெச்சுக்கோ" என்று சொன்னாராம்.

அந்த வேலை போன பிறகு 2009 முதல் 2024 தொடக்கம் வரை, மூட்டு ஒத்துழைக்காமல் போகும்வரை, சேத்துப்பட்டுப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் வீட்டு வேலை. அந்தப் 15 வருடத்துக்கு ஒரே ஒரு எழுத்துச் சாட்சி உண்டு. அந்த வீட்டு அம்மாவின் டைரி.

வருடத்துக்கு ஒன்று, மேலட்டையில் காலண்டர் ஒட்டியவை. பால் கணக்கு, மின்கட்டணம், நடுநடுவே ஆயா. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "ஆயா சம்பளம் 1,500. முன்பணம் 500 கழித்து 1,000. நாளை வரமாட்டாள், பேரனுக்குக் காது குத்து." 2013 ஆகஸ்ட். இப்படி 15 டைரி. ஒருவர் உழைத்தார் என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. எடுத்துப் போய்க் காட்டினேன். "டைரியெல்லாம் ப்ரூஃப் கிடையாதுங்க" என்றார்கள். இன்னொரு யோசனையும் வந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிந்தால், 60-க்குப் பின் ஓய்வூதியம். ஆதார்படி ஆயாவுக்கு 54 தானே? இப்போது பதிந்தால் 2030-இல் கிடைக்கும். சொன்னேன். "அப்ப எனக்கு 73 ஆவும், நீயே வந்து வாங்கிக்கோ" என்றார்.

யார் விதவை

60 ஆகவில்லை என்று ஆதார் சொன்னால் வேறு வழி உண்டு. ஆதரவற்ற விதவைகளுக்கு உதவித்தொகை இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 30 வயதிலிருந்தே இருக்கிறது. கைவிட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், அல்லது விவாகரத்து, அல்லது நீதிமன்றத்தின் பிரிவுச் சான்று.

ஆயாவின் கணவர் 1991 வாக்கில் வேறொரு பெண்ணோடு வியாசர்பாடிக்குப் போய்விட்டார். 2012-இல் இறந்தார். ஆக, 20 வருடம் ஆயா கைவிடப்பட்ட மனைவி. அந்தக் காலத்தில் இப்படி ஓர் உதவி இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது கணவர் இறந்துவிட்டதால் அந்தப் பிரிவில் வரமாட்டார். விதவை என்று போடலாம் என்றால் வாரிசுச் சான்றிதழில் மனைவி என்று இருப்பது இன்னொருவர் பெயர்.

சட்டம் ஆயா பக்கம்தான். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாம் திருமணம் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. ஆனால் முதல் கல்யாணம் நடந்தது என்று யார் காட்டுவது? 1975-இல் ஒரு அம்மன் கோயில் வாசலில் தாலி கட்டினார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-இல். போட்டோ இருந்திருக்கும் என்றால், வெள்ளம்.

இறப்புச் சான்றிதழையாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தோம். சென்னை மாநகராட்சி அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, தேதி மட்டும் தெரிய வேண்டும். ஆயாவுக்குத் தெரிந்த தேதி இது: "சின்னப் பேத்தி பொறந்த வருசம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்." பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியாக்கி, முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடினோம். கிடைத்தது. திரையில் கணவர் பெயர் வந்ததும் ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவனுக்கு மட்டும் எல்லா பேப்பரும் கரீட்டா இருக்குது பாரு" என்றார்.

அடுத்தது மகன். விசாரணைக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வியே "பையன் இருக்கானா?" என்பதுதான். இருக்கிறார், ரேஷன் கார்டும் ஆயாவை அவர் குடும்பத்தில்தான் காட்டுகிறது. எனவே ஆதரவு உண்டு. மகன் ஆட்டோ ஓட்டுகிறார், தவணை கட்டுகிறார், குடிக்கிறார். சோறு போடுவது மகள். மகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் இருவர்மீதும் ஒரே கடமையைத்தான் வைத்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம், மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. எடுத்துச் சொன்னேன். ஆயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பெத்த புள்ள மேலயா கேஸ் போடச் சொல்ற?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவரை வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று சில சமயம் நினைப்பதுண்டு. இல்லை என்றுதான் இப்போது படுகிறது. அரசிடம் கேட்கும் 1,200 ரூபாய்க்காக மகனைக் கூண்டில் ஏற்று என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

டைரி எழுதிய அம்மா

இந்த வழக்கோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வழக்கும் வந்தது. டைரி எழுதிய அம்மாவின் கணவர் மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், 2024 ஜூனில் காலமானார். அம்மாவுக்கு அப்போது 76. 1964-இல் வாங்கிய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். குடும்ப ஓய்வூதியத்தில் சின்னத் தடங்கல், ஓர் ஆவணத்தில் அவருடைய இனிஷியல் மாறியிருந்தது. ஓய்வூதியர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து எழுதிக் கொடுத்தார், மகன் அமெரிக்காவிலிருந்து இரண்டு போன் போட்டார். மூன்றே மாதத்தில் முடிந்தது.

இரண்டு பேரோடும் ஒரே வாரத்தில் ஒரே வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறேன். அம்மாவுக்கு நாற்காலி வந்தது. "உட்காருங்கம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க, சொல்லியிருந்தா வீட்டுக்கே ஆள் அனுப்பியிருப்போமே." 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லியிருப்பது உண்மைதான், அதனால் இதைச் சலுகை என்று நான் சொல்லவில்லை. ஆயாவுக்கு, "ஏய் ஆயா, லைன்ல நில்லு." விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. ஒன்பது வருடம் பிளீச்சிங் பவுடர், 15 வருடம் பாத்திரப் பொடி. "கைய நல்லா தொடச்சிட்டு வை" என்றார்கள். ஐந்தாவது தடவை பதிந்தது. நம் மொழியில் இதற்கென்று தனிச் சட்டம் தேவையில்லை, வினைச்சொல்லின் வாலே போதும். வாங்க என்பதற்கும் வா என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை 68 வயதும் குறைக்காது. டைரியில் 'வரமாட்டாள்' என்று இருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? அம்மா ஒன்பது வயது மூத்தவர், விட்டுவிடலாம். 45 வயது மகனும் போனில் "ஆயா வந்தாளா?" என்றுதான் கேட்பார்.

ஆனால் அம்மாவின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஓய்வூதியம் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறது. ஏ.டி.எம். கார்டு மகனின் மாமனார் வீட்டில், பின் நம்பர் மகனிடம். வீடு கணவர் பெயரில் இருந்தது. உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. காரியம் முடிந்த மாதத்திலேயே தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். முன்பு சொன்ன 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் அது இழுபறிதான். பத்திரத்தை நான் படித்துப் பார்த்தேன், இல்லை. "நம்ம பையன்தானே, அதெல்லாம் எழுதினா அசிங்கமா இருக்காதா?" என்றார்.

ஆக, ஒருவரிடம் காகிதம் இல்லை, இன்னொருவரிடம் எல்லாக் காகிதமும் இருந்து கார்டு இல்லை. ஆயாவின் கஷ்டமும் அம்மாவின் கஷ்டமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அம்மா பட்டினி கிடக்கமாட்டார். சமையலறை ஜன்னல் கம்பியில் ஆயாவுக்கென்று தனியாக மாட்டியிருந்த எவர்சில்வர் டம்ளர் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அந்த டம்ளரில்தான் எனக்கும் ஒருமுறை தண்ணீர் வந்தது. தவறுதலாகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளைப் பலகை

இத்தனை அலைச்சலிலும் ஆயா ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து போய் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பலகைப் பேருந்தில். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் வயதைக் கேட்பதில்லை, புருசன் இருக்கிறாரா, பையன் இருக்கிறானா என்று கேட்பதில்லை. ஏறியதும் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார். அதே நகரத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தரும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அதற்கு வயதும் முகவரியும் நிரூபிக்க வேண்டும், எனவே ஆயாவுக்கு அது கிடைத்ததே இல்லை. சில நடத்துநர்கள் முகம் சுளிப்பார்கள், 'ஓசி' என்று முணுமுணுப்பார்கள், அதுவும் நடக்கிறது. ஆனாலும் டிக்கெட் கிடைத்துவிடுகிறது. கண்ணகி நகரிலிருந்து அலுவலகத்துக்கு எத்தனை தடவை அலைந்தோமோ, அத்தனையும் இந்த டிக்கெட்டில்தான்.

எல்லா முதியவர்களுக்கும் கேள்வியில்லாமல் உதவித்தொகை கொடுத்தால் பணக்காரர்களும் வாங்குவார்களே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். வாங்கட்டும். விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிற பணக்காரர்கள் நிறைய பேர் இருப்பார்கள். 'ஆதரவற்றவர்' என்பதை நிரூபிக்க ஆள் உதவி வேண்டியிருக்கிற ஒரு திட்டம், உண்மையிலேயே ஆள் உதவி இல்லாதவரை எப்படிப் போய்ச் சேரும்?

வயது

கடைசி முயற்சி வயதைத் திருத்துவது. ஆதாரில் 1970 எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பதிவு செய்த பையன், "வயசு என்ன?" என்றான். "தெரியாது, நீயே பாத்துப் போடு" என்றார் ஆயா. அன்று தலைக்குச் சாயம் போட்டிருந்தாராம், பேரனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். பையன் பார்த்துப் போட்டான். பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்தலாம், அதற்கும் கேட்கும் ஆவணங்கள் பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று போகின்றன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு உதவும்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. ஊரே 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. நாங்களும் தேடினோம். 2002 பட்டியலில், பழைய கூவக்கரைத் தெருவில், ஆயாவின் பெயர் இருந்தது. வயது 45. பக்கத்திலேயே மகன், 26. அதை அச்செடுத்துக்கொண்டு, வயதுச் சான்று கேட்டு அரசு மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் இளம்பெண். பல்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "எம்.ஜி.ஆர். இறந்தப்ப உங்களுக்கு எத்தனை பசங்க பாட்டி?" என்று கேட்டார். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். "ரெண்டும் பொறந்து ஸ்கூலுக்குப் போயினு இருந்துச்சு" என்றார் ஆயா. "அதுக்கு முன்னாடி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அண்ணா செத்தப்ப எங்கம்மா கையப் புடிச்சினு போனேன். ஒரே ஜனம். செருப்பு ஒண்ணு போச்சு. அப்ப நான் பெரியவளாவல, அதுக்கு அடுத்த வருசந்தான்."

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. ஆதார்படி அப்போது ஆயா பிறக்கவே இல்லை. மருத்துவர் விரல் விட்டு எண்ணி, 'தோராயமாக 68' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் பார்த்த அளவில், அந்த 21 மாதத்தில் ஆயாவை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் அரசு ஊழியர் அவர்தான்.

சான்றையும், வாக்காளர் பட்டியல் பக்கத்தையும், கணவரின் இறப்புச் சான்றையும், மகளின் உறுதிமொழிக் கடிதத்தையும் சேர்த்து டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடி மனு கொடுத்தோம். இந்தத் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், எண் போட்டு ரசீதும் கொடுத்தார்கள். ஜனவரியில் நேர்விசாரணை என்று தகவல் வந்திருக்கிறது. ஆயாவை மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.